புடவை எடுக்க வந்த பேராசிரியர்

ஆரணியில் எங்கள் பட்டுக்கடைக்கு, மகளின் கல்யாணப் புடவை எடுக்க மனைவியோடு அவர் வந்தார். பல்கலைக்கழக இணையதளத்தில் பார்த்த அதே முகம். யாரையும் பார்க்காமல், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

புடவைகளை விரித்தபடி, "சார், உங்ககிட்ட பிஎச்.டி. பண்ணணும்னு மெயில் போட்டேன். பதிலுக்குப் பாத்துகினு இருக்கேன்," என்றேன்.

"என் கட்டுரை எதையாவது படிச்சியா?"

சாயக்கழிவு பற்றிய கட்டுரையைச் சொல்லி, அதில் எனக்கு விளங்காத ஓர் இடத்தைக் கேட்டேன். துடைப்பதை நிறுத்திவிட்டு, நிதானமாக விளக்கினார். "நல்ல கேள்வி," என்றார். அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"அப்போ என்னைச் சேத்துக்குவீங்களா சார்?"

"புடவை நல்லா விரிக்கிற. இதையே பண்ணு."

அவர் மனைவி சிரித்தார். வியாபாரம் கெட்டுவிடுமே என்று அப்பாவும் சிரித்தார்.

சேர்க்க மனமில்லாதவர் எதற்கு அவ்வளவு பொறுமையாக விளக்கினார் என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை.