பாட்டுத்தாளின் பருத்த எழுத்து

சிவாஜிநகரில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் எனக்கு வேலை. பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதால், அங்கே எழுத்து பருத்திருந்தால்தான் அழகு. ஜோகுபாளையத்தில் நாங்கள் போகும் சர்ச்சில், பாட்டுத்தாள் அச்சடிப்பதையும் பாட்டைத் திரையில் போடுவதையும் என்னிடம் கொடுத்தார்கள். யார் முன்னாலும் நின்று பேச வேண்டாமே என்று ஒப்புக்கொண்டேன். கல்யாண பேனருக்குப் போடும் அதே தடித்த எழுத்தைப் பாட்டுக்கும் போட்டேன்.

கொஞ்ச நாளில் என் மனைவி புதுப் பாட்டுகளைப் பாடுவதை நிறுத்திவிட்டாள்.

“ஏங்க, எழுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு கருப்பா தெரியுது. சுகர் கண்ணுக்கு வந்துடுச்சு போல.”

அவள் அண்ணனுக்குச் சர்க்கரையால்தான் பார்வை போனது. மறுநாளே கடைக்கு லீவு சொன்னேன்.

கண் ஆஸ்பத்திரியில், சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்தாள். அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து வெகுநேரம் உள்ளே பார்த்தார். நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சர்க்கரை கண்ணைத் தொடலைம்மா. எதைப் படிக்க முடியலை?”

மனைவி பையிலிருந்து பாட்டுத்தாளை எடுத்து நீட்டினாள். டாக்டரம்மா அதைக் கிட்டே பிடித்தார், எட்டப் பிடித்தார்.

“ஐயோ, எனக்கே தெரியலையே! புள்ளியெல்லாம் முழுகிப் போச்சு, சுழியெல்லாம் அடைச்சிருக்கு. எந்த மகானுபாவர் அடிச்சது?”

“தோ, செருப்பைப் பாத்துக்கினு உக்காந்திருக்காரே, இவர்தான்.”

எனக்குக் காது சுட்டது. ஆனாலும் அப்படியொரு நிம்மதியான அவமானம் எனக்கு வாய்த்ததேயில்லை. ஆட்டோவில் வீடு வரும்வரை, “உங்க எழுத்துக்கும் ரெண்டு சொட்டு விடச் சொல்லியிருக்கணும்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த வாரம் ஒரே சரணத்தைப் பலவித எழுத்தில் அடித்துக் கொண்டுவந்து அவளிடம் காட்டினேன். கடையில் நான் சீந்தாத, ஒல்லியான, அலங்காரமில்லாத ஒன்றைத்தான் தடங்கலில்லாமல் படித்தாள். வரிகளை இன்னும் தள்ளிப் போடச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பாட்டை முதல் வரியிலிருந்தே பாடினாள். ராகம் எங்கோ போனது, சத்தமாகவே போனது. ஆராதனை முடிந்ததும் பக்கத்து பெஞ்சு அம்மா என்னிடம் வந்தார்.

“தம்பி, இன்னிக்குதான் எனக்குக் கண்ணு தெளிவா இருக்கு. கேரட் ஜூஸ் குடிக்கிறேன்ல!”

மனைவி என் முகத்தையே பார்த்தாள்.

“கேரட் நல்லதுதாம்மா” என்றேன்.