கத்தரின் மாமி கோட்டை பார்த்த நாள்

என் மாமியார் கத்தரின், ஆஸ்திரேலியாவில் கிளேட்டனில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் பதினேழு வருடம் துணி மடித்தவர். 2009 ஜூனில் அவரை ஸ்கொட்லாந்துக்கு இழுத்துக்கொண்டு போனோம். இழுத்துக்கொண்டு என்பதுதான் சரி. எனக்கு அங்கே ஒரு மாநாடு. தனியே விட்டால் போனைப் பார்த்தபடி சாப்பிடாமலே கிடப்பார் என்று என் மனைவி பயந்தாள்.

வன்னியில் போர் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. முல்லைத்தீவில் இருந்த மாமியின் அக்கா அன்னமலரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தப்பி வந்த சனத்தை அடைத்து வைத்திருந்த முகாமில் உள்ளவர்கள் யாருடைய போனையாவது கெஞ்சி வாங்கி இரண்டு நிமிடம் பேசுவதாகக் கேள்விப்பட்டிருந்தோம். மாமியின் நம்பர் அக்காவுக்கு மனப்பாடம். அதனால் மாமி குளிக்கப் போனாலும் போனும் கூடவே போகும்.

எனக்குப் பழைய கோட்டை என்றால் பைத்தியம். மலைநாட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றில் எண்ணூறு வருடத்துக் கோட்டை இருப்பதாகப் படித்துவிட்டு, மாநாடு முடிந்த மறுநாள் காலையிலேயே இரண்டு மணி நேரம் கார் ஓட்டினேன். போய்ப் பார்த்தால், செம்மறி ஆடுகள் மேயும் ஒரு புல் மேடு. சுற்றிவர ஒரு பள்ளம். பள்ளம் வெட்டிய மண்ணைக் குவித்து, மேலே மரத்தால் கோட்டை கட்டினார்களாம். மரம் எப்போதோ உக்கிப் போய்விட்டது என்று பலகையில் எழுதியிருந்தது.

"எங்க தம்பி கோட்டை?"

"இதுதான் மாமி."

"இதுக்கோ விடியக் காலமை எழுப்பினனீங்கள்?" மாமி பள்ளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வன்னியிலயும் இப்பிடித்தானாம், மண் அணைக்குப் பின்னால சனம் கிடந்தது."

எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு இடமா கிடைக்கவில்லை மாமியைக் கூட்டி வர?

அப்போதுதான் மாமி போனைப் பார்த்தார். சிக்னல் இல்லை. பள்ளத்தாக்குக்குள் இறங்கியதிலிருந்தே இருந்திருக்காது. முழங்கால் வலியோடு, புல்லைப் பிடித்துப் பிடித்து மேட்டில் ஏறத் தொடங்கினார். நாங்களும் பின்னால் ஏறினோம். உச்சியில் சிக்னல் கிடைத்தது. மாமி அங்கேயே இருந்துவிட்டார். அரை மணி நேரம் யாரும் அசையவில்லை.

பதினொரு மணிக்குப் போன் அடித்தது. மாமிக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"கத்தரின், நான் அக்கா."

மாமி போனை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"நானும் பிள்ளையள் ரெண்டு பேரும் இருக்கிறம். அத்தானைக் கொண்டுவர முடியேல்லை. நீ எங்க நிக்கிறாய்?"

மாமி எங்களைப் பார்த்தார். ஆடுகளைப் பார்த்தார்.

"வீட்டில அக்கா. குசினியில."

"அங்க இப்ப இருட்டியிருக்கும் என்ன?"

"ஓம், நல்லா இருட்டிப் போச்சு," என்றார் மாமி, முகத்தில் வெயில் அடிக்க.

"என்ன சமைக்கிறாய்?"

"சும்மா கஞ்சிதான்."

"இஞ்சையும் கஞ்சிதான்." அக்கா சிரித்த மாதிரிக் கேட்டது. "அப்ப ரெண்டு பேருக்கும் ஒண்டுதான். பிறகு எடுக்கிறன், போனுக்கு ஆக்கள் நிக்கினம்."

தொடர்பு போய்விட்டது. என் மனைவி தாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாமி அழவில்லை. களைத்துப்போய் அப்படியே இருந்தார். அன்று அவர் எதையும் சாப்பிடவில்லை.

காரில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இஞ்ச படம் ஏதும் எடுத்தனீங்களோ?"

"ஓம் மாமி, கொஞ்சம் எடுத்தனான்."

"அழிச்சுப் போடுங்கோ."

எட்டுப் படங்கள். மாமி ஒன்றில்தான் இருந்தார். நான் எட்டையும் அழித்தேன்.