புடாபெஸ்ட்டுக்குப் போன ஜோலோஃப் பானை

அயிலே அக்கா என் பெரியம்மா மகள். கானாவின் தலைநகரான அக்ராவை ஒட்டிய டெஷி என்ற கடற்கரை ஊரில் பிறந்தவள். குடிநீர் சுத்திகரிப்பு பற்றிப் படிக்க ஜெர்மனியில் ட்ரெஸ்டன் நகரத்துக்கு வந்தாள். நான் ஜெர்மனியிலேயே, ஹாம்பர்க்கில் பிறந்தவன். இந்தக் கோடையில் எனக்குப் பள்ளிப் படிப்பு முடிந்தது. அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் ஒவ்வோர் அறையாகப் போய் வந்துகொண்டிருந்தேன். "இவனைக் கொஞ்ச நாள் உன்கூட வச்சுக்கோ அயிலே, எனக்குத் தலை சுத்துது" என்று அம்மா என்னை அக்காவிடம் அனுப்பி வைத்தாள்.

அக்காவுக்கு ஊர் சுற்றுவதில் தீராத ஆசை. வாரக் கடைசியில் எந்தப் பேருந்து மலிவோ அதில் ஏறிவிடுவாள். எங்கே போகிறது என்பதை ஏறிய பிறகுதான் யோசிப்பாள். கறுப்புப் பெண் தனியாகப் போகிறாளே என்று பெரியம்மா போனில் புலம்புவாள். "தனியா எங்கம்மா போறேன்? ஊரே என்னைத்தான் பார்த்துக்கிட்டிருக்கு" என்பாள் அக்கா.

அது உண்மைதான். லிஸ்பனில் அவளை உள்ளூர்க்காரி என்று நினைத்து வழி கேட்டார்கள். அவளும் தெரிந்த மாதிரி கை காட்டினாள். போலந்தில் ஒரு சின்ன ஊரில் ஒரு பெண் கேட்காமலே அவள் பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். அக்கா உடனே அந்தப் பெண்ணின் தலையில் கைவைத்து, "உங்களோடதும் நல்லாத்தான் இருக்கு. என்ன எண்ணெய் போடுறீங்க?" என்றாளாம். தெருவில் எதிரே கறுப்பர் யார் வந்தாலும் தலையசைப்பாள். அவர்கள் பதிலுக்குத் தலையசைக்காவிட்டால் அன்று முழுவதும் அதைப் பற்றியே பேசுவாள்.

ஜூலையில் நாங்கள் புடாபெஸ்ட்டுக்குப் போனது சும்மா சுற்றுவதற்கல்ல. சுற்றியுள்ள நாடுகளில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்கள் வருடத்துக்கு ஒரு முறை ஒரு நகரத்தில் கூடுவார்கள். பந்து விளையாட்டு, ஆட்டம் பாட்டம் எல்லாம் உண்டு. ஆனால் எல்லோரும் காத்திருப்பது கானாவுக்கும் நைஜீரியாவுக்கும் நடக்கும் ஜோலோஃப் போட்டிக்காகத்தான். தக்காளியும் வெங்காயமும் மிளகாயும் அரைத்து, எண்ணெயில் சுண்ட வதக்கி, அந்தச் சாற்றிலேயே அரிசியை வேகவைக்கிற சிவப்புச் சோறு அது. கானாக்காரர்கள் நாங்கள் வாசனை அரிசி போடுவோம். நைஜீரியாக்காரர்கள் புழுங்கல் அரிசி போடுவார்கள். எது சரி என்று கேட்டால் கல்யாணமே நின்று போகும்.

தோற்ற அணியின் தலைவி, ஜெயித்த நாட்டின் கொடி நிறத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு விருந்து முடியும்வரை நிற்க வேண்டும். படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள். இரண்டு வருடமாக நைஜீரியாவின் பச்சை வெள்ளைத் துணி கானா அணித் தலைவியான அயிலே அக்காவின் தலையில்தான் ஏறியது. "சந்தைக்குப் போனா மீன்காரி கூட சிரிக்கிறா" என்று பெரியம்மா அழாத குறையாகச் சொன்னாள். அக்காவின் படிப்பு இந்த வருடத்தோடு முடிகிறது. அக்டோபரில் வேலைக்காக அக்ராவுக்குத் திரும்புகிறாள். ஆகவே இதுதான் கடைசிப் போட்டி. ஒரு முறையாவது ஜெயிக்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று அவள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

அக்காவின் விடுதிச் சமையலறையில் சமைத்து, பெரிய அலுமினியப் பானையைப் போர்வையால் சுற்றிக் கயிற்றால் கட்டி, சக்கர வண்டியில் வைத்து ரயிலேற்றினோம். வழிக்கு எங்களுக்கென்று ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் தனியாக எடுத்திருந்தாள். வண்டி கிளம்பியதும் புடாபெஸ்ட்டில் மருத்துவம் படிக்கும் மொரெனிகேயின் குரல் செய்தி வந்தது. அவள்தான் நைஜீரியா அணித் தலைவி.

"அயிலே, துணியைத் துவைச்சு இஸ்திரி போட்டாச்சு. உன் தலை அளவு எனக்கு மனப்பாடம்டீ. பத்திரமா வந்து சேரு."

அக்கா பதில் அனுப்பினாள்: "உன் தலை அளவைக் கொஞ்சம் சொல்லு. எங்க துணி பத்துமான்னு பார்க்கணும். உனக்குத் தலைக்கனம் ஜாஸ்தியாச்சே."

எல்லையில் இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். பெட்டியின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்து, யாரிடமும் நிற்காமல், எங்களிடம் நின்றார்கள். அக்கா பாஸ்போர்ட்டை ஏற்கெனவே கையில் பிடித்திருந்தாள். "வாங்க வாங்க, எங்களைத்தானே தேடுறீங்க" என்று சிரித்துக்கொண்டே நீட்டினாள். இளையவர் முகம் சிவந்தது. பெரியவர் போர்வைக் கட்டைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"சோறு."

"இவ்வளவுமா?"

"கானா முழுசுக்கும் சார்."

அவர் குனிந்து மூக்கை வைத்துப் பார்த்தார். அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் இறங்கிய பிறகு, நான் கோபமாக ஏதோ சொன்னேன். "எனக்கும் கோபம்தான்டா" என்றாள் அக்கா. "ஆனா அவங்களுக்காக என் பயணத்தைக் கெடுத்துக்க முடியுமா?"

ப்ராக் தாண்டி, இருபுறமும் கோதுமை வயலாக இருந்த ஓர் இடத்தில் வண்டி நின்றது. முந்தின இரவு அடித்த புயலில் ஒரு மரம் மின்கம்பியில் சாய்ந்துவிட்டது. கம்பியைச் சரி செய்ய நேரமாகும் என்றார்கள். குளிர்சாதனம் நின்றது. அன்றைக்கென்று பார்த்து உணவு விற்கும் பெட்டியும் வண்டியில் சேர்க்கப்படவில்லை. மதியம் கடந்து வெகு நேரமாகியும் வண்டி அசையவில்லை. எனக்கு வயிறு கத்தியது. அக்கா சின்ன டப்பாவைத் திறந்தாள்.

இங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. கானாவில் யாரும், பார்க்க ஆளிருக்கும்போது, கூப்பிடாமல் சாப்பிட மாட்டார்கள். "சாப்பிட வாங்க" என்று சொல்லியாக வேண்டும். கேட்டவர், "என் கையும் அதுலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். யாரும் வந்து உட்கார்ந்துவிட மாட்டார்கள். அயிலே அக்கா ஐரோப்பாவின் எல்லாப் பேருந்துகளிலும் ரயில்களிலும் இப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். எல்லோரும் "வேண்டாம், நன்றி" என்று போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். அன்றும் அவள் கையில் கரண்டியுடன் எழுந்து, பெட்டி முழுவதையும் பார்த்து, "எல்லாரும் சாப்பிட வாங்க" என்றாள்.

எதிர் இருக்கையில் ஓர் அம்மாவும் அவளுடைய சின்னப் பெண்ணும் இருந்தார்கள். அந்தப் பெண் வெகு நேரமாகச் சிணுங்கிக்கொண்டிருந்தாள்.

"நிஜமாவா?" என்றாள் அந்த அம்மா. "ரொம்ப நன்றி. இவ காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

அக்காவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தாள். நான் டப்பாவைப் பார்த்தேன். அடுத்த நொடி டப்பா அந்தக் குழந்தையின் மடியில் இருந்தது. குழந்தை ஒரு வாய் சாப்பிட்டு, காரத்தில் கண் கலங்கி, மூக்கை உறிஞ்சி, மறுபடி வாயைத் திறந்தாள்.

"எனக்கும் கொஞ்சம் கிடைக்குமா?" என்று ஜன்னலோரத்திலிருந்து ஒரு தாத்தா கேட்டார். "என்னையும்தானே கூப்பிட்டீங்க?"

"ஆமா, உங்களையும்தான்" என்றாள் அக்கா, குரல் உள்ளே போய்.

அவருக்குப் பின்னால் இரண்டு கல்லூரிப் பையன்கள் எழுந்து நின்றார்கள். அதற்குப் பின்னால் யார் யாரோ. டப்பா காலியாகி இருந்தது. அக்கா மெதுவாகப் போர்வைக் கட்டின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, வேண்டாம்" என்றேன். "அது போட்டிக்கு."

"தெரியும்டா."

"மொரெனிகே துணியை இஸ்திரி போட்டு வச்சிருக்கா."

"வாயை மூடு. கூப்பிட்டது நான்தானே? கூப்பிட்டுட்டு மூடி வச்சுக்கிட்டு உட்காரவா? இவங்க முகத்தை எப்படிப் பார்க்கிறது?"

"அவங்களுக்கு நம்ம வழக்கமெல்லாம் தெரியாதுக்கா. சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கூப்பிட்டேன்னு சொல்லிடு."

"பேச்சுக்கா? அந்தக் குழந்தைகிட்ட நீயே போய்ச் சொல்லு பார்ப்போம்."

நான் போகவில்லை. அவள் கயிற்றை அவிழ்த்தாள். மூடியைத் திறந்ததும் வந்த வாசனையில் அடுத்த பெட்டிக் கதவும் திறந்தது. டிக்கெட் பரிசோதகர் ஓடி வந்தார். பெட்டிக்குள் சமையல் செய்யக்கூடாது என்று சொல்லத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். பானையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர், ஓர் அடுக்கு காகிதக் கோப்பையோடு வந்து வரிசையில் நின்றார். அக்கா பிளாஸ்டிக் கரண்டியால் ஒவ்வொரு கோப்பையாக நிரப்பினாள். முதல் சில கோப்பைகளுக்கு அவள் முகம் அழுவது போல இருந்தது. பிறகு யாரோ, "இன்னும் கொஞ்சம் காரம் இருந்தாலும் தாங்குவேன்" என்றார். அவள் உடனே பையிலிருந்து எங்கள் கறுப்பு மிளகாய்த் தொக்கை எடுத்து, "இப்ப தாங்குங்க பார்க்கலாம்" என்றாள். அந்த மனிதர் தண்ணீர் தேடி ஓடியபோது பெட்டியே சிரித்தது. அதற்கு மேல் அவளால் சோகமாக இருக்க முடியவில்லை.

வண்டி மறுபடி நகர்ந்தபோது பானையில் மிஞ்சியது அடிக்காந்தல் மட்டும்தான். பிளாஸ்டிக் கரண்டியால் அதைச் சுரண்ட முடியவில்லை.

புடாபெஸ்ட் மண்டபத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கானா மாணவர்கள் கைதட்டி வரவேற்றார்கள். பானையை வாங்கிய ஒருவன், அது லேசாக இருந்ததைக் கண்டு, "அக்கா, வேற பானை எங்கே?" என்றான். அக்கா நடந்ததைச் சொன்னாள். பின்பக்கத்திலிருந்து ஒருத்தி, "ரயில்ல சாப்பிட்ட செக் நாட்டுக்காரங்க ஓட்டுப் போட வருவாங்களாக்கா?" என்று கேட்டாள்.

மொரெனிகே இடுப்பில் கைவைத்து வந்து நின்றாள். தோளில் பச்சை வெள்ளைத் துணி தொங்கியது. "ஏன்டீ இவ்வளவு நேரம்? பசியில எல்லாரும் செத்துக்கிட்டிருக்காங்க. உனக்காக நான் மூடியைத் திறக்கவே இல்ல."

"திறந்திருக்கலாமே."

"எங்க ஆளுங்களும் அதையேதான் சொன்னாங்க. நான் திறந்து ஜெயிச்சா, உன் ரயில் லேட்டானதாலதான்னு ஊர் பூரா சொல்லுவே. அந்தச் சாக்கை உனக்குத் தர மாட்டேன்."

இரண்டு அணியும் வந்துவிட்டால் பானைகளை ஒரே நேரத்தில் திறக்க வேண்டும் என்பது விதி. நடுவர்கள் மூன்று பேர்: செனகலிலிருந்து வந்த அலியூன், கேமரூனைச் சேர்ந்த ஒரு நர்ஸ், மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹங்கேரிய அம்மாள். மூடிகள் எழுந்தன. மொரெனிகேயின் முகத்தைத்தான் நான் முதலில் பார்த்தேன். நாங்கள் வந்து சேரும்வரை மின் அடுப்பின் சூட்டிலேயே இருந்ததால் அவளுடைய சோறு குழைந்து கஞ்சி மாதிரி ஆகியிருந்தது. அவள் கரண்டியை நட்டாள். கரண்டி அப்படியே நின்றது.

அக்கா இரும்புக் கரண்டி ஒன்றை வாங்கி எங்கள் பானையின் அடியைச் சுற்றிக் குத்தினாள். காந்தல் ஒரு தட்டைப் போல வட்டமாகப் பெயர்ந்து வந்தது. வெளியே கருஞ்சிவப்பு, உள்ளே எண்ணெய் மினுமினுப்பு. மூன்றாக உடைத்து மூன்று தட்டில் வைத்தாள்.

"இது என்ன, கூரை ஓடா?" என்று நைஜீரியா பக்கமிருந்து ஒருவன் கத்தினான்.

அலியூன் அதைக் கடித்தார். மொறுமொறு சத்தம் மண்டபம் முழுவதும் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். "எங்க வீட்டுல விருந்தாளிக்குத்தான் இதைக் கொடுப்பாங்க" என்றார். "எனக்கு ஒரு தடவைகூடக் கிடைச்சதே இல்ல" என்று எங்களுக்கு ஓட்டுப் போட்டார். நர்ஸ் இரண்டையும் மாறி மாறிச் சுவைத்து, குழைந்தாலும் மசாலா இதில்தான் சரியாக இருக்கிறது என்று மொரெனிகேக்கு ஓட்டுப் போட்டாள். எல்லோரும் ஹங்கேரிய அம்மாளைப் பார்த்தார்கள். அவள் காந்தலைக் கடைசித் துணுக்குவரை மென்றாள். பிறகு எழுந்து வந்து காலிப் பானைக்குள் எட்டிப் பார்த்து, "இன்னும் இருக்கா?" என்றாள்.

ஆரவாரத்தில் மண்டபம் அதிர்ந்தது. யாரோ என்னைத் தூக்கினார்கள். நான் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை.

"அடிப்பிடிச்சதுக்குப் பரிசா?" என்று மொரெனிகே மேசையைத் தட்டினாள். "இவளுக்காகக் காத்திருந்துதான் என் சோறு கெட்டுச்சு! நடுவரே, இது நியாயமா?"

"திறந்திருக்கலாமேன்னு நான் சொன்னேனே" என்றாள் அக்கா.

இந்த இடத்தில் அக்கா மனமிரங்கி, துணியெல்லாம் வேண்டாம் என்று விட்டுக்கொடுப்பாள் என்று நினைத்தேன். ரயிலில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவள் அல்லவா? அவளோ பையின் அடியிலிருந்து எங்கள் கொடி நிறமான சிவப்பு, மஞ்சள், பச்சைத் துணியை எடுத்து உதறினாள். புதுத் துணி, மடிப்புக் கலையாதது.

"உட்காருடீ" என்றாள். "ரெண்டு வருஷம் கட்டிக்கிட்டேன். தலையை நேரா வை."

"கொஞ்சம் தளர்த்திக் கட்டு. வலிக்குது."

"நீ கட்டினப்போ நான் ஏதாவது சொன்னேனா?"

"நீ வீடு வரைக்கும் அழுதுக்கிட்டே போனே."

"அது கண்ணுல மிளகாய் பட்டதுடீ" என்று சொல்லி இன்னொரு முடிச்சுப் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "டேய், நின்னுக்கிட்டே இருக்கியே. போனை எடு. மீன்காரிக்கும் சேர்த்து அனுப்பணும்" என்றாள்.