சந்தனம் பூசிய ஸ்பீக்கர் பெட்டி

ஹெப்பகோடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது சித்தப்பாவும் எங்களோடுதான் இருந்தார். பகலில் ஃபேக்டரி வேலை, மற்ற நேரமெல்லாம் ஸ்பீக்கர் பைத்தியம். மெல்லிசான பிளைவுட்டை அறுத்து அவரே ஒரு பெட்டி செய்தார். முருகன் பாட்டு போட்டதும் அதுவும் கூடவே ‘ங்ஙொய்’ என்று உறுமியது. வீட்டுக்குள் தேனீ வளர்க்கிறீர்களா என்று மாடிவீட்டுக் கன்னடக்காரர் இறங்கி வந்து கேட்டுவிட்டுப் போனார்.

சித்தப்பா அசரவில்லை. மரத்துக்குப் பளபளப்பு ஏறினால் சத்தத்துக்கும் ஏறும் என்பது அவர் நம்பிக்கை. வார்னிஷ் அடித்தார், உப்புத்தாளால் தேய்த்தார், மறுபடி அடித்தார். பெட்டியில் முகம் பார்த்து நான் தலை வாரிக்கொள்ளலாம் என்றானது. உறுமல் மட்டும் போகவில்லை.

“சாமி பாட்டு நடுவுல இது என்னடா உறுமுது?” என்றார் அப்பா. “ஆயுத பூஜை அன்னிக்கும் உறுமுச்சுனா வெந்நீர் அடுப்புக்குத்தான்.”

“இன்னொரு கோட் அடிச்சா சரியாயிடும்ணா.”

“அடி. நல்லா பத்திக்கும்.”

சித்தப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

பூஜைக்கு முந்தின நாள், பாட்டு ஓடிக்கொண்டிருக்க, அம்மா அந்தப் பெட்டியைத் துடைத்தாள். அதன் தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பொரிப் பையில் கைவிட்டுக்கொண்டிருந்த நான் பாட்டைக் காதில் வாங்கவில்லை. தொட்டுக் கும்பிடுகிறாள் என்று நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சைக்கிள், அருவாமனை, ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றுக்கும் பொட்டு. மிக்ஸி வந்தபின் மூலையில் கிடந்த அம்மிக் குழவியையும் அம்மா கழுவிக் குங்குமம் வைத்து, பெட்டிமேல் கிடத்தினாள். பெட்டிக்கு அப்பாவே சந்தனம் பூசினார். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினார். பாட்டு சுத்தமாக வந்தது.

“பாத்தியா, சந்தனம் பட்டதும் அடங்கிடுச்சு. உன் வார்னிஷ் எல்லாம் தண்டம்,” என்றார் அப்பா.

“வார்னிஷ் இருக்கறதாலதாண்ணா சந்தனமே ஒட்டுச்சு.”

அம்மா எல்லோருக்கும் பொரியைப் பங்கு வைத்தாள். அடுத்த நாள் சித்தப்பா குழவியை இறக்கப் போனபோது, “சாமிக்கு வெச்சது தம்பி, அங்கயே இருக்கட்டும்,” என்றாள்.

அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் அப்பா சந்தனம் பூசினார். சித்தப்பா வார்னிஷ் பெருமை பேசினார். நான் இரண்டு பேரையும் நம்பினேன். மெல்லிசான பலகை அதிராமல் இருக்கத் தலையில் கனம் வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. முருகன் அந்த வழியை அம்மாவின் உள்ளங்கைக்குத்தான் காட்டியிருக்கிறான். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும், அவள் கும்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.