சொதப்பல் மாமாவுக்கு ஒரு சட்டை

என் கணவருக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று என் மாமியார் சொல்வார். அது பெருமையா புலம்பலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பாட்டில்களுக்கு மூடி திருகும் மெஷின் விற்கிற கம்பெனியில் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளிநாடு. மீதி நாள் என் சமையலறையில் நின்று எண்ணெய் பாட்டிலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பார். "எதுக்குங்க இந்த வேலை?" என்றால், "இறுக்கம் பத்தல, எவனோ மெஷினைச் சரியா செட் பண்ணல" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இனி தனியாக எங்கேயும் அனுப்பாதீர்கள் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார், அவரிடம் சொல்லிப் பயனில்லை என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார். பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டினேன். மனிதர் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தே தரையைத் தேய்த்தார். ஒருநாள் சாயந்திரம் வந்து, "ஆபீஸ்ல எனக்குத் துணைக்கு ஒருத்தரைப் போட்டுட்டாங்க. இனிமே எங்க போனாலும் ரெண்டு பேராத்தான்" என்றார். பீரோ சாவியை எடுத்தேன்.

அந்தத் துணைக்கு என் மகள் வைத்த பெயர்தான் சொதப்பல் மாமா. அவர் செய்த கூத்து ஒன்றா இரண்டா? வெளிநாட்டு ஹோட்டலில் போர்வையை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி வைத்திருப்பார்களாம். அதை உருவத் தெரியாமல், தலையணைப் பக்கமாக நுழைந்து, கவருக்குள் போன கடிதம் மாதிரி விடியும்வரை அசையாமல் கிடந்தாராம். திருகித் திறக்க வேண்டிய குழாய்க்கு முன்னால் கையைக் காட்டிக் காட்டி, தண்ணீர் வராமல் அதற்கு வணக்கமும் போட்டாராம். ஒரு கம்பெனி வரவேற்பறை சோபாவில் வாயைப் பிளந்து தூங்கிப்போய், தட்டி எழுப்பியவர்களிடம் "இன்னும் அஞ்சு நிமிஷம்மா" என்றாராம். இதை என் கணவர் நடித்தே காட்டினார். நானும் மகளும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இந்த முறை நானும் கூடக் கிளம்பினேன். காரணம் இருந்தது. தலைமை அலுவலகத்தில் உதிரிபாகப் பிரிவில் ஒரு நாற்காலி காலியாகிறதாம். அதில் உட்காருகிறாரா, இல்லை இன்னும் சில வருடம் இதே அலைச்சலா, ஊர் திரும்புவதற்குள் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு அலைச்சல்தான் பிடிக்கும். துணைக்கு ஆள் இருக்கிறாரே என்று எனக்கும் அரை மனசு. ஆனால் அந்த ஆளைக் கண்ணால் பார்த்து, "இவரைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று என் வாயால் ஒரு வார்த்தை சொன்னால்தான் மிச்ச அரை மனசும் வரும். வெறுங்கையோடு போவானேன் என்று சொதப்பல் மாமாவுக்கு ஒரு சட்டை எடுத்தேன். ஹோட்டல் இஸ்திரிப் பெட்டியில் சட்டையைத் தீய்த்துவிட்டு, மீட்டிங் முழுக்க ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி இருந்தவராயிற்றே, பாவம். கணவரிடம் அளவு கேட்டேன். "என் அளவுதான்" என்றார்.

விமான நிலையத்தில் ஆளைக் காணோம். "அடுத்த ஃப்ளைட்ல வராரு" என்றார். ஹோட்டலில் கேட்டேன். "அவருக்கு வேற ஹோட்டல் போட்டுட்டாங்க." காலையில் கேட்டேன். "வயிறு சரியில்லையாம்." எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சட்டைப் பையை அறைக்கும் வரவேற்பறைக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தேன். யாராவது தடுமாறி நடந்தால் இவர்தானோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

இதற்கிடையில் என் வீட்டுக்காரர் ஒன்று செய்தார். அறைக்கதவைத் திறக்கும் சாவி அட்டையைச் சுவரில் இருக்கும் இடுக்கில் செருகினால்தான் அங்கே விளக்கே எரியும், ஏசியும் ஓடும். வெளியே கிளம்பும்போது அட்டையை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, இடுக்கில் தன் விசிட்டிங் கார்டைச் செருகினார். "திரும்பி வரப்போ ரூம் ஜில்லுனு இருக்கும், பாரு." பெரிய சாமர்த்தியம்தான்.

அங்கேயாவது மாமா வருவார் என்று சட்டைப் பையோடு நானும் கூடப் போன இடம் ஒரு குளிர்பானக் கம்பெனி. அந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு உள்ளே பொத்தானே கிடையாது. எந்த மாடி என்று வெளியிலேயே அழுத்திவிட்டு ஏற வேண்டும். இவர் எதையும் அழுத்தாமல் கதவு திறந்ததில் என்னை இழுத்துக்கொண்டு ஏறினார். ஏதோ மாடியில் திறந்தது. கம்பீரமாக இறங்கி, அங்கே வாயைத் திறந்தபடி பல் டாக்டருக்காகக் காத்திருந்தவர்களுக்கு ஒரு குட்மார்னிங் சொல்லிவிட்டுத் திரும்ப ஏறினார்.

"ஏங்க, இந்த லிஃப்ட் கூத்து சொதப்பல் மாமா பண்ணினதுன்னு நீங்க சொன்னதாச்சே!"

"கூடவே சுத்தறேன்ல, ஒட்டிக்கிச்சு" என்றார். முகத்தை மட்டும் காட்டவில்லை.

கொள்முதல் மேலாளர் ஒரு நெட்டையான அம்மாள். எழுந்து வந்து கைகுலுக்கினார். உதவியாளர் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். என் கணவர் பையில் கைவிட்டு, குனிந்து, இரண்டு கையாலும் அவரிடம் கார்டை நீட்டினார். அது எங்கள் அறைச் சாவி.

அந்த அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இந்த வருஷமும் ரூம் சாவியா? போன வருஷம் என்கிட்ட குடுத்தீங்க!"

நானும் சிரித்தேன். "அது இவர் இல்லைங்க, இவர் கூட வந்தாரே, அவர்."

"கூட யாரு? இவர் எப்பவும் தனியாத்தானே வருவார்" என்றவர், என் கணவர் பக்கம் திரும்பி அக்கறையாகக் கேட்டார்: "இப்போ உடம்பு எப்படி இருக்கு? அன்னிக்கு வெளியில அந்த சோபாவுல மயக்கமா சாஞ்சிட்டீங்க. வீட்டுக்குச் சொல்லலாம்னா வேண்டவே வேண்டாம்னுட்டீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடித்துக் காட்டினாரே, நாங்கள் சிரித்தோமே. அதற்கப்புறம் மெஷினைப் பற்றி அவர்கள் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

தெருவுக்கு வந்ததும் விறுவிறுவென்று முன்னால் நடந்தார்.

"நில்லுங்க! ஓடினா விட்டுடுவேனா?"

நின்றார்.

"மயக்கம் போட்டு விழுந்ததைக் கதை கட்டி என்னையே சிரிக்க வெச்சிருக்கீங்க. அப்படியே போயிருந்தா? யாரோ ஒரு அம்மா போன் பண்ணி எனக்குச் சொல்லணுமா? மனுஷனாய்யா நீங்க!" போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "இந்தச் சட்டையையும் நீங்களே போட்டுக்குங்க!" பையை அவர் நெஞ்சில் எறிந்தேன். எறிந்த பிறகு, எங்கே எறிந்தோம் என்று பதறி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்னொரு கையால் அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "துணைக்கு ஆள் இருக்குன்னாத்தான் நீ விடுவே. அதான் ஒரு ஆளைச் சொன்னேன். அப்புறம் பழகிப்போச்சு. ரூம்ல தனியா உக்காந்து, இன்னிக்கு அவனுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குச் சொல்லணும்னு யோசிச்சுட்டே இருப்பேன். பொழுது போயிடும்."

"முதலாளிக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"அந்த நாற்காலியில என்னால முடியாதும்மா. பைத்தியம் பிடிச்சிரும்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. அந்த நேரம் பார்த்து மகள் போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, சொதப்பல் மாமாவைப் பாத்தியா?"

சொல்லிவிடாதே என்று அவர் தலையை ஆட்டிக் கெஞ்சினார்.

"பாத்தேன்டி."

"எப்படி இருக்காரு?"

"நல்ல மனுஷன்டி. ஆனா இந்த ஊர்ல அவருக்குன்னு ஒருத்தரும் இல்ல. விழுந்தா தூக்க நாதியில்ல. அதான், நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடலாம்னு பாக்கறேன். இனிமே எங்கயும் அனுப்பப் போறதில்ல."

"ஐயோ, நெஜமாவா! அப்பா என்ன சொல்றாரு?"

நான் போனை அவர் பக்கம் நீட்டினேன். எதிர்ச்சாரியில் போகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்பா? அப்பா, இருக்கீங்களா?" என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"இருக்கேன்டா" என்றார். "வரட்டும்மா. பாவம், வந்துடட்டும்."