மாலையைக் கழற்றிவிட்டுக் குகைக்குப் போன நாள்

சாமிமார்களே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. எட்டு வயது மகளை இருட்டில் தொலைத்துவிட்டு, ஐயப்பா என்று கூப்பிடவும் வாய் வராமல் நின்ற பாவி நான்.

ஊர் நைனார்பாளையம். மக்காச்சோளம் போடுகிற குடும்பம். அந்தக் கார்த்திகையில் நான் மாலை போட்டு இருபதாம் நாள். வீட்டில் எல்லோரும், மகள்கூட, என்னைச் 'சாமி' என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கும் கர்வம் ஜாஸ்தி. ஞாயிற்றுக்கிழமை மச்சினன் புதுக் காரோடு வந்தான். கல்வராயன் மலைக்கு ஒரு நடை போய் வரலாம் என்றான். மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது.

மலைப்பாதையில் வண்டியை ஓரங்கட்டி, மச்சினன் பிராந்தி பாட்டிலை எடுத்தான்.

"மாலைய கழட்டி கண்ணாடியில மாட்டிடு மாமா. அப்பறமா போட்டுக்கினா போச்சு. இங்க யாரு பாக்கப்போறாங்க?"

கழற்றினேன். பின்சீட்டில் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். சீ, நினைத்தாலே கூசுகிறது.

வெள்ளிமலைக்கு அப்பால் பாறைக்கு அடியில் ஒரு குகை. மழைக்காலத்தில் உள்ளே புழுக்கள் வெளிச்சம் விடும் என்று ஒரு மலைக்காரர் கூட்டிப்போனார். செல்போன் விளக்கை அணைத்ததும் சுவரெல்லாம் பச்சைப் பச்சையாக மினுங்கியது. வாயைப் பிளந்து பார்த்தேன். மகளின் கை என் கையில் இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துதான் உறைத்தது. அதற்குள் மழைத்தண்ணீர் குகைக்குள் இறங்கி முழங்காலைத் தொட்டுவிட்டது. விளக்கைப் போட்டுத் தேடினோம். தண்ணீரும் பாறையும்தான் தெரிந்தன. கத்திக் கத்திக் கூப்பிட்டேன். பதிலே இல்லை.

கை தானாகக் கழுத்துக்குப் போனது. மாலை இல்லை. வாயில் பிராந்தி நாற்றம். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கூப்பிடுவேன்? ஆனாலும் தண்ணீரிலேயே மண்டிபோட்டு அழுதேன். ஐயப்பா, என்னை என்ன வேண்டுமானாலும் செய், பிள்ளையைக் கொடுத்துவிடு என்றேன்.

அந்த நேரம் பார்த்து மலைக்காரர் அதட்டினார். "லைட்ட அமத்துங்க! எல்லாத்தயும் அமத்துங்க!"

மறுபடி சுவர் மினுங்கியது. ஒரு மூலையில் மட்டும், குழந்தை உயரத்துக்கு, வெளிச்சம் மறைந்து கறுப்பாக இருந்தது. அங்கே பாறை இடுக்கில் என் மகள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். அந்த யோசனையை அவருக்குக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

வாரித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். "கைய வுட்டுட்டேனே, மன்னிச்சிடும்மா" என்று கதறினேன்.

"நீ வுடலப்பா. நான்தான் வுட்டேன். உன் மேல நாத்தம் அடிச்சிது. நீ கத்தனப்ப பயமா இருந்துச்சி, அதான் வரல."

மறுநாளே குருசாமி காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வருஷம் சபரிமலைக்குப் போகவில்லை. பாட்டிலை அதற்கப்புறம் தொடவும் இல்லை. அடுத்த கார்த்திகையில் முதலிலிருந்து விரதம் இருந்தேன்.

தப்புப் பண்ணிவிட்டோமே, எப்படிக் கூப்பிடுவது என்று யாராவது குன்றிப்போய் உட்கார்ந்திருந்தால் என்னைப் பாருங்கள். இருக்கிற கோலத்திலேயே கூப்பிடுங்கள். ஐயப்பன் அந்த நிமிஷமே வந்துவிட்டான். என் மகள் தானாக வந்து என் கையைப் பிடிக்கத்தான் மூன்று மாதம் ஆயிற்று.