ஆட்டுக்கு வைத்த பொங்கல்

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்ததும் என் கணவருக்கு ஆடு வளர்க்கும் ஆசை வந்தது. மராத்திக்காரர்கள் ஊரிலேயே தங்கிவிட்டோம். கோர்படியில் வீடு, ஹடப்சரைத் தாண்டி எப்போதோ வாங்கிப் போட்ட துண்டு நிலம். அங்கே இடுப்பு உயரத்துக்குப் பரண் கட்டி ஆடுகளை ஏற்றினார். புழுக்கை பலகை இடுக்கு வழியாகக் கீழே விழுந்துவிடும், கால் ஈரத்தில் நிற்காது, நோய் குறையும் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கினார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரைக்கூட விடவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் சாதித்தும் காட்டினார். சினை ஆடுகளுக்குத் தனித் தொட்டி வைத்தார். இங்கே கடபா என்று சொல்லும் காய்ந்த சோளத்தட்டையை அப்படியே போட்டால் ஆடுகள் மிதித்தே பாதியை வீணாக்கும் என்று நறுக்கிப் போட்டார். சத்துக்காகச் சவுண்டல் மரத்து இலையைக் கலந்தார். தவணை தவறாமல் குடற்பூச்சி மருந்து கொடுத்தார். பிறந்த குட்டிகளில் பாதியைப் பறிகொடுத்த முதல் வருடம் மறந்தே போனது. என் முட்டிவலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவர் ஒவ்வொரு ஆட்டின் குளம்பையும் தூக்கிப் பார்ப்பார். பண்ணைக்கு ஒரு சட்டமும் உண்டு. குட்டியைச் சரியாகப் பிழைக்க வைக்காத ஆடு சந்தைக்குப் போய்விடும்.

"பாசம் பாத்தா பண்ணை நடக்காது" என்பார்.

அந்தச் சட்டத்துக்கு ஒருநாளும் பயப்படத் தேவையில்லாத ஆடு ஒன்று இருந்தது. உடம்பெல்லாம் கறுப்பு, காதில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள். ஈன்றால் இரட்டை, இரண்டும் பிழைக்கும். இதன் பெட்டைக் குட்டிகளை வைத்தே பண்ணையைப் பெருக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அந்தப் பொங்கலுக்கு அது நிறைசினை.

மாடு இல்லாத வீட்டில் மாட்டுப் பொங்கல் எதற்கு என்று கேட்டேன். ஆடும் கால்நடைதானே என்றார். காலையிலேயே ஆடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்தாகிவிட்டது. பக்கத்து நிலத்து மராத்திக்கார அம்மாள் வேலியோரம் வந்து நின்று சிரித்தார். அவர்கள் மாட்டுக்குப் பண்டிகை கொண்டாடுவது மழைக்காலத்தில். ஜனவரியில் ஆட்டுக்குப் பூமாலை போடுகிறவர்களை அவர் பார்த்ததில்லை.

அரிசியும் வெல்லமும் ஆட்டு வயிற்றுக்கு ஆகாது, சாமிக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கலில் ஆட்டுக்கொரு வாய் போதும் என்று நான் சொல்லித்தான் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் ஒரு வாய்தான் கொடுத்தார். கறுப்பு ஆட்டிடம் வந்ததும் மனிதருக்குக் கை நிற்கவில்லை.

"வயித்துல ரெண்டு இருக்கு, பாவம். நல்லா சாப்பிடட்டும்" என்று பாத்திரத்தையே அதன் முன்னால் வைத்துவிட்டார். தவிட்டைக்கூட அளந்து போடுகிறவர்!

மதியத்துக்கு மேல் அது ஓரமாய் ஒதுங்கி நின்றது. அசைபோடவில்லை. பல்லை நறநறவென்று கடித்தது. இடது வயிறு உப்பியிருந்தது. "காய் ஜால, வஹினி?" என்ன ஆச்சு அண்ணி என்று கேட்டபடி பக்கத்து நிலத்து அம்மாள் வேலியைத் தாண்டி ஓடி வந்தார். என்ன ஆயிற்று என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கால்நடை டாக்டர் போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஆப்ப சோடாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து மெல்ல மெல்லப் புகட்டுங்கள், உடனே புறப்பட்டு வருகிறேன் என்றார். அவர் ஊசியோடு வந்து சேரும்வரை, பட்டு வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக என் கணவர் ஆட்டை நடத்திக்கொண்டே இருந்தார். "கொஞ்சம் நடம்மா, கொஞ்சம் நட" என்று கெஞ்சினார். அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். திட்டுவதற்கு வாய்வரை வந்ததையெல்லாம் விழுங்கிவிட்டேன்.

ஆடு பிழைத்தது. ஆனால் நாள் நிறையும் முன்பே ஈன்றது. ஒரு குட்டி செத்தே பிறந்தது. இன்னொன்று பிழைத்தது என்றாலும் தாய்க்குப் பால் ஊறவில்லை. புட்டியில் கொடுத்துத்தான் தேற்றினோம்.

சில வாரம் கழித்து, எங்களிடம் வழக்கமாக ஆடு வாங்கும் வியாபாரி வந்தார். பரணைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இளைத்துப் போயிருந்த கறுப்பு ஆட்டைக் காட்டி, "யே வாலி தே தோ, சாப்" என்று அதை விலைக்குக் கேட்டார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். "உங்க சட்டப்படி இது போகணும்ல?" என்றேன். குத்திக் காட்டத்தான் கேட்டேன்.

அவர் அதன் காதைத் தடவிக்கொண்டே நின்றார்.

"ஆடு சரியில்லன்னா ஆட்ட மாத்தலாம். இங்க வளக்கறவன்தானே சரியில்ல. இத வித்துட்டு இன்னொண்ண வாங்கினா, அதுக்கும் இதே கைதானே தீனி போடப் போகுது?" என்றார். வியாபாரியிடம் இந்தியில் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இத்தனை வருடக் குடித்தனத்தில் எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம் வந்ததில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு விளக்கம் ஆரம்பித்துவிடுவார்.